ஒரே கை, மூன்று தடவை: ரேண்டி ரோட்ஸின் ஆல்பத்தை நெல்லையில் திரும்பக் கேட்பது

மார்ச் 19 என்றால் பங்குனி பிறந்து நாலைந்து நாள். உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போக திருநெல்வேலிச் சீமை முழுக்க வேன் பேசிக்கொண்டிருக்கும் நேரம். மைக் செட்காரர் கையில் ஒரு ஸ்பீக்கர்கூட மிச்சம் இருக்காது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சை வேறு. 1982இல் அதே தேதியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து லீஸ்பர்க் ஊரில், தாழப் பறந்த சிறு விமானம் ஒன்றின் இறக்கை நின்றுகொண்டிருந்த பேருந்தில் உரசி, விமானம் வீட்டில் மோதி எரிந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கிட்டார் கலைஞர் ரேண்டி ரோட்ஸ், வயது 25.

அவர் பெயரை நிலைநிறுத்திய ஆல்பம் ராக் பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் 'பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்'. பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ தூத்துக்குடியிலோ நாலு பேர் கூடி அவர் நினைவாக அதை முழுசாகக் கேட்டு, ஒன்றிரண்டு பாட்டு வாசித்தும் பார்க்க நினைத்தால் மூன்று கேள்வி வரும். எந்தப் பதிப்பைக் கேட்பது? எதற்குக் காது கொடுப்பது? நம் ஊர் வெயிலையும் கரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது?

ரோட்ஸைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் வேகத்தைச் சொல்வார்கள். வேகம் இருந்தது, மறுக்கவில்லை. அவரை விட வேகமாக வாசிக்கிறவர்கள் இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவருடைய சோலோக்களின் (பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக முன்னால் வரும் பகுதி) சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவை கல்பனாஸ்வரம் மாதிரி அந்த நேரத்தில் பிறந்தவை அல்ல. கீர்த்தனையின் சங்கதி போல முன்கூட்டியே கட்டி, மனப்பாடம் செய்து வைத்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் ஆல்பம் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கும்.

ரோட்ஸ் அடிப்படையில் ஒரு வாத்தியார். அம்மா டெலோரஸ் வடக்கு ஹாலிவுட்டில் 'மியூசோனியா' என்ற இசைப்பள்ளி நடத்தினார். மகனும் அங்கே பாடம் எடுத்தார். பிறகு குவயட் ரயட் குழு. 1979இல் பிளாக் சப்பாத் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்த ஓஸி புதுக் குழு கட்டும்போது அவரைச் சேர்த்துக்கொண்டார். பேஸ் கிட்டார் பாப் டெய்ஸ்லி (பாட்டு வரிகளில் பெரும்பங்கு அவருடையதே), டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக், கீபோர்டு டான் ஏரி. 1980 வசந்தத்தில் தெற்கு இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இருந்த ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டுடியோவில் பதிவு. ஒலிப்பதிவாளர் மேக்ஸ் நார்மன். அந்தச் செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது, மறு ஆண்டு அமெரிக்காவில். ஒன்பது பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கெர்ஸ்லேக் 2020இலும் ஓஸி 2025 ஜூலை 22இலும் காலமானார்கள்.

பதிப்பு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். டெய்ஸ்லிக்கும் கெர்ஸ்லேக்குக்கும் ஓஸி தரப்போடு வழக்கு நடந்தது. அதையொட்டி 2002இல் வந்த மறுவெளியீட்டில் அந்த இருவர் வாசித்ததையும் அழித்துவிட்டு, ராபர்ட் ட்ரூஹியோவின் பேஸையும் மைக் போர்டினின் டிரம்ஸையும் புதிதாகப் பதிந்து ஒட்டினார்கள். இருவரும் தேர்ந்த கலைஞர்கள்தான். ஆனால் ரோட்ஸின் ரிதம் கிட்டார் (பாட்டுக்கு அடியில் தாளத்தோடு போகும் வாசிப்பு) டெய்ஸ்லியின் பேஸோடு கோத்து வாசித்தது. பேஸ் மாறினால், பாட்டுக்காரரை அப்படியே வைத்துக்கொண்டு மிருதங்கக்காரரை மட்டும் இருபது வருஷம் கழித்து மாற்றிய கச்சேரி போலத்தான் இருக்கும். 2011 மறுவெளியீட்டில் பழைய வாசிப்பு திரும்ப வந்துவிட்டது. பழைய சிடி கிடைத்தால் உள்தாளில் பேஸ், டிரம்ஸ் யார் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ட்ரூஹியோ பெயர் இருந்தால் அது வேண்டாம்.

இனி கேட்கும் முறை. ரோட்ஸ் ஒரு ரிதம் பகுதியை வாசிப்பார். அதையே மறுபடி வாசிப்பார். மூன்றாம் முறையும் வாசிப்பார். நார்மன் ஒன்றை நடுவில் வைத்து, மற்ற இரண்டையும் இடதும் வலதுமாகக் கொஞ்சம் தாழ்ந்த ஒலியில் விடுவார். ரிதம் பகுதிக்கு இது வழக்கமான வேலைதான். சோலோவுக்கும் இதையே செய்ததுதான் அதிசயம். ஒவ்வொரு இழுப்பும், ஒவ்வொரு அதிர்வும் மூன்று முறையும் ஒரே இடத்தில் விழ வேண்டும். சங்கதி போலக் கட்டி வைக்காமல் இது நடக்காது.

காருகுறிச்சி அருணாசலத்தின் மண்ணில் இதன் பலனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கோயில் கொடையில் நையாண்டி மேளம் வாசிக்கும்போது இரண்டு நாயனமும் ஒரே வரியை எடுத்தால், ஒற்றை நாயனத்தில் இல்லாத ஒரு கனம் வரும். இரண்டு சீவாளியும் சுருதியில் மயிரிழை விலகி நிற்கிறதே, அந்த விலகலில்தான் கனம் இருக்கிறது. அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் சத்தம் கூடுமே ஒழிய கனம் கூடாது. ரோட்ஸின் மூன்று தடமும் அப்படித்தான்.

காதொலிப்பானை மாட்டி 'கிரேஸி டிரெய்ன்' சோலோவை முதலில் இரண்டு காதிலும் கேளுங்கள். பிறகு இடது காதில் மட்டும், பிறகு வலது காதில் மட்டும். சோலோ முடிகிற இடத்தில் மேலே ஏறும் ஓட்டத்தில் மூன்று கையும் ஒன்றையொன்று துரத்துவது பிடிபடும். போனின் ஒற்றை ஸ்பீக்கரில் இது கேட்காது. இடதும் வலதும் ஒன்றாகக் கலந்ததும் அகலம் செத்துவிடும். டவுன் பஸ்ஸில் போனில் கேட்டுவிட்டு 'சவுண்டு பழசா இருக்கு' என்று சொல்கிறவர்களுக்குப் பதில் இதுதான்.

அதே பாட்டின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரியை, ஸ்வரமாக எழுதிப் பார்த்தால் நம் காதுக்கு இன்னும் கிட்டத்தில் வரும். எஃப் ஷார்ப்பை ஆதார ஷட்ஜமாக வைத்தால்:

ச ச ப ச த ச ப ச | ம க ரி க ம க ரி நி

கடைசி நி மட்டும் மந்திர ஸ்தாயி. சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். ஏழு ஸ்வரமும் வந்துவிட்டது, சுத்தமான நடபைரவி. பதினாறு ஸ்வரம், எட்டு அட்சரம்; ஆதி தாளம் போட்டால் அட்சரத்துக்கு இரண்டாக ஒரே ஆவர்த்தனத்தில் முடியும். பாட்டு வரி தொடங்கியதும் தளம் ஏ மேஜருக்கு நகரும். நடபைரவியின் காந்தாரத்தை ஷட்ஜமாக எடுத்தால் சங்கராபரணம் என்று கிரகபேதம் படித்தவர்களுக்குத் தெரியும். ரிஃப்பின் இருட்டிலிருந்து பாட்டு சட்டென்று வெளிச்சத்துக்கு வருகிற உணர்வுக்குக் காரணம் அந்த நகர்வுதான். ரோட்ஸுக்கு மேளகர்த்தா தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே ஏழு ஸ்வரத்தை இரண்டு ஊரிலும் இரண்டு பெயரில் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கையில் வாசிக்கும்போது: தடித்த ஈ கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஆள்காட்டி விரல் ஊன்றி நிற்கட்டும். ஏ கம்பியின் நான்காம் ஃப்ரெட்டுக்கு மோதிர விரல், ஐந்தாம் ஃப்ரெட்டுக்குச் சுண்டு விரல். இரண்டாம் பாதியில் ஏ கம்பி இரண்டாம் ஃப்ரெட், பிறகு ஈ கம்பியில் ஐந்து, நான்கு, ஐந்து; மறுபடி ஏ கம்பி இரண்டு, ஈ கம்பி ஐந்து, நான்கு, கடைசியில் திறந்த ஈ. வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 138 அடி. 80இல் தொடங்கி, தவறில்லாமல் பத்து முறை வந்தபின் நாலு நாலாக ஏற்றுங்கள்.

தவறு நடக்கிற இடம் அந்தக் கடைசி ஈ. திறந்த கம்பி ஆனதால் அது அதிர்ந்துகொண்டே அடுத்த ஆவர்த்தனத்தின் ச மேல் ஏறி உட்காரும். டிஸ்டார்ஷன், அதாவது ஒலியில் ஏற்றும் கரகரப்பு, கூடினால் சேறாகிவிடும். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜை விட்டு எழாமல் இருந்தால் அடங்கும். இன்னொரு தவறு கர்நாடக சங்கீதம் படித்த கைகளுக்கே உரியது: காந்தாரத்தில் தானாகக் கமகம் வந்துவிடும். பின்னால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) போகும்போது அது சுருதி பிசகியது போலத்தான் கேட்கும். ரோட்ஸ் கம்பியை இழுத்தால் முதலில் ஸ்வரத்தில் போய் நிற்பார், நின்ற பிறகே அசைப்பார்.

'மிஸ்டர் க்ரௌலி'யின் கடைசி சோலோ ஆல்பத்தின் உச்சம் என்பது எங்கள் கட்சி. 'கிரேஸி டிரெய்ன்'தான் என்பவர்களோடு சண்டை இல்லை. டி மைனர் பாட்டு. சோலோவுக்கு அடியில் கார்டுகள் டி மைனர், ஜி மைனர், சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஹாஃப் டிமினிஷ்டு, ஏ என்று நகரும். டியை ஷட்ஜமாக வைத்து கார்டுகளின் அடி ஸ்வரத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள்: ச, ம, நி, க, த, ரி, ப. ஒவ்வொன்றுக்கும் நாலாவது ஸ்வரமாகத் தாவித் தாவி, நடபைரவியின் ஏழையும் ஒரு சுற்றில் தொட்டுவிட்டுப் பஞ்சமத்தில் வந்து நிற்கிறது. அந்தப் பஞ்சமத்தின் மேல் நிற்பது ஏ மேஜர் கார்டு. அதற்குள் சி ஷார்ப், அதாவது காகலி நிஷாதம். அந்த ஒரு நொடி கீரவாணி எட்டிப் பார்க்கும், மறுபடி ஷட்ஜத்தில் விழும். ரோட்ஸ் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் ஸ்வரங்களைத் தேர்ந்து அடுக்கியிருக்கிறார். ஒரே பென்டடானிக் (ஐந்து ஸ்வர) வரிசையை வைத்துக்கொண்டு இதன் மேல் ஓட்டினால் முதல் இரண்டு கார்டு தப்பிக்கும், கடைசி இரண்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

'குட்பை டு ரொமான்ஸ்' மெதுவான பாட்டு. டிஸ்டார்ஷன் இல்லாத கிட்டாரைக் கேட்க நல்ல இடம். 'நோ போன் மூவீஸ்' சுமார். 'ரெவலேஷன்' முடிகிற இடத்தில் மூச்சு விடாமல் 'ஸ்டீல் அவே' பிடித்துக்கொள்ளும், ஆகவே அந்த இரண்டையும் பிரித்துக் கேட்காதீர்கள்.

இசைக்கருவிக்கு வருவோம். கம்பி 9-42 செட் போதும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் தடித்த பக்கம் 1.8 முதல் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.5 மி.மீ. கழுத்து வளைவைப் பார்க்க, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தி ஏழாம் ஃப்ரெட்டில் இடைவெளியைப் பாருங்கள்; ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இல்லையென்றால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் மரம் ஈரம் குடிக்கும், அக்னி நட்சத்திரத்தில் அதே மரம் காயும். சித்திரையில் வைத்த செட்டிங் ஆடியில் நிற்காது. வருஷத்துக்கு இரண்டு முறை அளந்தே ஆக வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று கடற்கரையில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துப் பழைய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தடவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாலு நாளில் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ரோட்ஸின் ஒலிக்கு 100 வாட் மார்ஷல் ஆம்ப்பும், அதன் முன்னால் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் பெடலும். அந்தப் பெடல் எளிமையான வேலை: ஒரு 741 ஐசி ஒலியைப் பெருக்கும், இரண்டு ஜெர்மானியம் டயோடு அதன் தலையையும் காலையும் வெட்டும். இரண்டே குமிழ். கையால் செய்து பார்க்கத் தக்கது. 741 எங்கும் கிடைக்கும். ஜெர்மானியம் டயோடுதான் அரிது, ஆனால் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று பரணில் கிடந்தால் அதன் டிடெக்டர் பகுதியில் ஓஏ79 மாதிரி ஒன்று இருக்கும். பற்றவைக்கும்போது சூடு மூன்று நொடிக்கு மேல் போனால் அது செத்துவிடும். டயோடின் காலை மூக்குக் கொரடால் கவ்விக்கொண்டு பற்றவையுங்கள், சூடு கொரடில் இறங்கும். கிடைக்கவில்லை என்று 1என்4148 சிலிக்கான் டயோடு போட்டால், ஜெர்மானியம் 0.3 வோல்ட் அளவில் வெட்டுவதை அது 0.6 வோல்ட்டில்தான் வெட்டும். சத்தம் கூடும், அந்த மணல் அரைக்கிற கரகரப்பு குறையும்.

பெடலுக்கு மின்சாரம் கொடுக்கிற இடத்தில்தான் நிறையப் பேர் சுடுபடுகிறார்கள். 9 வோல்ட் என்று போட்டிருக்கிறதே என்று வீட்டு ரவுட்டரின் அடாப்டரை எடுத்துச் சொருகிவிடுவார்கள். ரவுட்டர் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். கிட்டார் பெடலில் நடுமுனை மைனஸ். தலைகீழாகப் பாய்ந்தால் ஐசி போய்விடும். அடாப்டர் மேல் அச்சிட்டிருக்கும் சிறு வட்டப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். பேட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் உள்ளீட்டு ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அதைச் சொருகி வைத்திருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சிறு ஆம்ப்பில் எல்லோரும் செய்கிற இன்னொன்று: பேஸ் (தாழ்ந்த ஒலி) குமிழைப் பத்துக்கு வைத்து, மிட் (நடு ஒலி) குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்குவது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். ரோட்ஸின் ஒலி மிட்டில்தான் நிற்கிறது. பேஸ் 4, மிட் 7, டிரெபிள் 6 என்று தொடங்கிப் பாருங்கள். மேடையில் மூன்று தடத்துக்கு என்ன செய்வது? ஒரு கிட்டாரை டிலே பெடலில் 25 மில்லி நொடி தள்ளி மறுபக்கம் விடலாம். ஆனால் அது அச்சுப் பிரதி; மேலே சொன்ன விலகல் அதில் வராது. இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று ஒரே வரியை வாசித்தால் நையாண்டி மேளக் கனம் வந்துவிடும்.

கரண்ட் விஷயம் விளையாட்டல்ல. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230இல் நேராகச் சொருகினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். பெரிய வால்வ் ஆம்ப் என்றால் 500 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெட்டிக்கடை அளவு 100 விஏ எரிந்துவிடும். ஜெனரேட்டரில் ஓட்டும்போது முதலில் மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பாருங்கள். 210க்கும் 250க்கும் நடுவில் நிலையாக நிற்காவிட்டால் ஆம்ப்பைச் சொருக வேண்டாம்.

பழைய வீடுகளிலும் மண்டபங்களிலும் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் ஒயர் உள்ளே போயிருக்காது. இரைச்சல் அதனால்தான். இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுகிறவர்கள் உண்டு; அது தற்கொலைக்குச் சமம். கிட்டார் ஒரு எர்த்திலும் மைக் செட் இன்னொன்றிலும் இருந்தால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கும். பாடத் தொடங்குமுன் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் பரவாயில்லை. 100 பக்கம் காட்டினால் எங்கோ எர்த் அறுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கரண்டை ஒரே சுவிட்சுப் பலகையிலிருந்து எடுங்கள்; எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும் வரை யாரும் மைக்கைத் தொட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு கரண்ட் போய்விட்டால், வாசிக்க ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆல்பத்தின் நான்காவது பாட்டு 'டீ', அம்மா டெலோரஸின் பெயரால் அமைத்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. ஆம்ப் வேண்டாம், பெடல் வேண்டாம். கிளாசிக்கல் கிட்டார் ஒன்று போதும். பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்ட வேண்டும். 1987இல் வெளிவந்த 'டிரிப்யூட்' ஆல்பத்தின் பெரும்பகுதி 1981 மே மாதத்துக் கிளீவ்லாந்து மேடைப் பதிவு. அதன் கடைசியில் இந்த 'டீ'யின் ஸ்டுடியோ ஒத்திகைத் துண்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். வாசித்துக்கொண்டே போவார், விரல் இடறும், நிறுத்துவார், நடுவில் ஓரிரு வார்த்தை பேசுவார், மறுபடி முதலிலிருந்து எடுப்பார்.